ஏழாவது அட்டை

அத்தியாயம் 14

மூன்று வாரமாக அந்த வீட்டில் எதைப் பேச ஆரம்பித்தாலும் அது பெட்டியில்தான் வந்து முடிந்தது.

கையடக்கமான பெட்டி. உள்ளே பன்னிரண்டு அஞ்சலட்டைகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் ஓவியம் ஒன்று. உயிரோடு இருந்தவரை அவர் படத்தை விரும்பிக் கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதிலும் விரல் மிச்சம் இருக்கும். அவர் போய் மூன்று வருஷம் கழித்து, பெரிய கலைக்கூடம் ஒன்று தானாகத் தேடி வந்தது. கண்காட்சி, அதோடு இந்த அட்டைப் பெட்டி. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. இன்று செவ்வாய்.

அப்பா வரைந்தது அரூப ஓவியம். மரம், மாடு, மனுஷன் என்று எதையும் அதில் தேடக் கூடாது. துணியைத் தரையில் விரிப்பார். வாளியோடு வர்ணத்தைச் சாய்ப்பார். துடைப்பத்தால் இழுப்பார், தகட்டால் சுரண்டுவார். "கோவப்படுற ஆளை யாரும் வரையலாம். நான் கோவத்தை வரையறேன்" என்பார். அக்கம்பக்கத்தாருக்கு அது 'கொட்டிக் கவிழ்த்தது'. அவர் மகன், சின்னவன், பள்ளிக்கூடத்தில் அந்தப் பட்டப்பெயரைச் சுமந்தே வளர்ந்தான். அதனால்தானோ என்னவோ, இந்தப் பெட்டிக்காக அவன் ஓடாத ஓட்டம் ஓடினான். பரணிலிருந்து படங்களை இறக்கித் தூசு தட்டியது அவன். கலைக்கூடத்துக்குப் பேசப் போனது அவன். கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டதும் அவன்.

அச்சு வேலை மட்டும் அவன் அக்கா, பெரியவள் பக்கம் வந்து சேர்ந்தது. கலைக்கூடம் தேர்ந்தெடுத்த அச்சகம், இருபது வருஷமாக அவள் நிறம் பார்க்கும் அச்சகமாகவே அமைந்துவிட்டது.

நிறம் பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. மெஷினில் முழு ஓட்டம் விடுவதற்கு முன் மாதிரித் தாள் ஒன்றை இழுப்பார்கள். புரூஃப். அதைப் பகல் வெளிச்ச விளக்கின் கீழே விரித்து, கண்ணோடு ஒட்டிய சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியால் புள்ளி புள்ளியாக மேய வேண்டும். 'மஞ்சள் கூடிப்போச்சு', 'நீலம் அரை இழை நகர்ந்திருக்கு' என்று சொல்ல வேண்டும். அந்தக் கண்ணாடி எப்போதும் அவள் கழுத்தில் தொங்கும். அச்சகத்தில் அவளுக்குப் பெயரே 'கண்ணாடிக்கா'.

அன்று காலை ஒன்பதரைக்குத் தாள் வந்தது. பன்னிரண்டு அட்டைகளும் ஒரே தாளில், மூன்று வரிசையாக.

முதல் ஆறும் ஒரு குறை இல்லாமல் தேறின. ஏழாவதில் கண் நின்றது.

பெட்டியின் மேல்மூடிக்கும் அந்தப் படத்தைத்தான் எடுத்திருந்தார்கள். துரு நிறத்தில் பரந்த வெளி. குறுக்கே ஒரே மூச்சில் வீசிய கறுப்பு. அதன் மேல் வெள்ளை நூல் நூலாக வழிந்திருக்கும். அப்பாவின் படங்களிலேயே அதுதான் உச்சம் என்று கலைக்கூடத்தார் சொன்னார்கள்.

இடது மேல் மூலையில் ஒரு கறுப்புத் திட்டு. நகக்கண் அளவுதான். ஆனால் அது வேறு கறுப்பு.

"ரோலரண்ணே, கறுப்பு சீரா வரல பாருங்க" என்றாள்.

மெஷின் ஓட்டுபவருக்கு 'ரோலர்' என்று பெயர். முப்பது வருஷமாக மையிலேயே ஊறியவர். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"மத்த பதினொண்ணும் நல்லாத்தானே இருக்கு? ஒரே மை, ஒரே ஓட்டம்."

"இந்த மூலை மட்டும் நீலம் பாயுது. நடுவுல இருக்கிற கறுப்பு கதகதன்னு இருக்கு. இது பச்சைத்தண்ணி மாதிரி இருக்கு."

"உங்க கண்ணுக்குப் பயந்தே நான் சீக்கிரம் ரிட்டயர் ஆயிடுவேன் போல" என்று அலுத்துக்கொண்டே அவர் மையை மறுபடி சரி செய்தார். இன்னொரு தாள் இழுத்தார். இன்னொன்று. திட்டு அப்படியே நின்றது. அவள் கம்ப்யூட்டரில் மூலப் படத்தைத் திறந்து அந்த மூலையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அங்கேயும் அதே இரண்டு கறுப்பு. கோளாறு அச்சில் இல்லை. படத்திலேயே இருந்தது.

அப்பா கறுப்பை அவரே கலப்பார். பத்து வருஷம் ஆனாலும் கலவை மாறாது. ஒரே படத்தில் இரண்டு கறுப்பா?

அப்புறம்தான் வெள்ளை நூல்களைக் கவனித்தாள். வர்ணம் வழிந்தால் நுனியில் ஒரு சொட்டாகத் திரண்டு நிற்கும். கனம் கீழ்ப்பக்கம்தானே இறங்கும்? இந்தப் படத்தில் அத்தனை சொட்டும் மேலே நின்றது. எல்லா நூலும் கீழிருந்து மேலே வழிந்திருந்தது.

"அண்ணே, இது தலைகீழா இருக்கு."

ரோலர் சிரித்தார். "கண்ணாடிக்கா, கோவிச்சுக்காதீங்க. இதுல எது தலை, எது காலுன்னு வரைஞ்சவரே சொன்னாத்தான் உண்டு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மற்ற பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள். தரையில் விரித்து வரைந்த படங்கள். வர்ணம் குளமாகத் தேங்கியிருந்தது, சிதறியிருந்தது, இழுபட்டிருந்தது. எங்கேயும் ஒரே திசையில் வழியவில்லை. தரையில் கிடக்கும் துணியில் எப்படி வழியும்?

ஏழாவது மட்டும் சுவரில் நிமிர்த்தி வைத்து வரைந்தது.

அப்பா ஒரு நாளும் சுவரில் வைத்து வரைந்ததில்லை. வெளியே வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள்.

பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தத்தோடு அம்மா எடுத்தாள். எழுபது வயதாகப் போகிறது. இன்னும் நாலு பேருக்குத் தைத்துக் கொடுக்காவிட்டால் அவளுக்குக் கை நமைக்கும்.

"அம்மா, அப்பா எப்பவாவது துணியைச் சுவத்துல மாட்டி வரைஞ்சிருக்காரா?"

"எதுக்குக் கேக்கறே?"

"ஒரு படம் இடிக்குது. துரு கலர்ல, நடுவுல கறுப்பா ஒரு வீச்சு..."

தையல் மெஷின் நின்றது.

"அது எப்படி அங்க வந்துச்சு?" அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

"தம்பிதானே எல்லாத்தையும் பரண்ல இருந்து இறக்கிக் கொடுத்தான். ஏன்மா?"

"நான் வரேன்."

"எங்க?"

"நீ வேலை செய்யற இடத்துக்கு. எந்த பஸ்ஸுன்னு மட்டும் சொல்லு."

இருபது வருஷத்தில் அம்மா அந்த அச்சகத்தின் வாசலை மிதித்ததில்லை. சாப்பாட்டுப் பையை மறந்துவிட்டு வந்த நாளில்கூட யார் கையிலாவதுதான் கொடுத்தனுப்புவாள். அடுத்த ஒரு மணி நேரம் பெரியவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் விளக்கு மேஜைக்கும் நடந்தாள். பதினோரு மணி ஓட்டத்துக்கு வேறு ஏதோ நாட்காட்டி. அதில் சிவப்பு கூடிப்போனதை ரோலரே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்றார் அவர் மெதுவாக.

"தெரியலண்ணே. தெரியாததுதான் பிரச்சனை."

அம்மா பன்னிரண்டு மணிக்கு வந்தாள். வெயிலில் முகம் சிவந்து, தோள்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மெஷின் இரைச்சலையோ, மலைமலையாக அடுக்கிய தாளையோ அவள் பார்க்கவே இல்லை.

"எங்க?"

பெரியவள் புரூஃபிலிருந்து ஏழாவது அட்டையைக் கத்தியால் வெட்டி எடுத்து, விளக்கின் கீழே வைத்தாள். அம்மா குனிந்தாள். தொடவில்லை. பிறகு இரண்டு விரலால் அட்டையின் ஓரத்தைப் பிடித்துத் திருப்பி வைத்தாள்.

வெள்ளை நூல்கள் இப்போது கீழே இறங்கின. கறுப்பு வீச்சு மேலேறிப் பறந்தது. அதே படம்தான், ஆனால் மூச்சுவிட ஆரம்பித்ததுபோல் இருந்தது.

"இப்படித்தான்" என்றாள் அம்மா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இது வரையறப்போ பக்கத்துல நின்னேன். உங்க அப்பா வரைஞ்சதில்ல. உன் சித்தி வரைஞ்சது."

இருபத்திரண்டு வருஷமாக அந்த வீட்டில் அந்த உறவுச் சொல் புழங்கியதே இல்லை. பெரியவளுக்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான். சித்தி, அம்மாவின் ஒரே தங்கை. இடுப்பெலும்பில் ஆபரேஷன் ஆனபின் இரண்டு வருஷம் அவர்களோடு வந்து இருந்தாள். அப்போது பெரியவள் வெளியூர் விடுதியில் தங்கி அச்சுத்தொழில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறைக்கு வந்தபோது சித்தியின் கட்டில் மடக்கிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. "போயிட்டா" என்றார் அப்பா. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. பெரியவளும் கேட்கவில்லை.

பேப்பர் குடோனில் ஒரு ஸ்டூலைப் போட்டு அம்மாவை உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அம்மா குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"குட்டின்னுதான் நான் அவளைக் கூப்பிடுவேன். குட்டியால குனிய முடியாது. தரையில உக்கார முடியாது. அதனால துணியைச் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டி, நின்னுக்கிட்டே வரைவா. சுவத்துக்கு வெள்ளையடிக்கிறியான்னு உங்க அப்பா கேலி பண்ணுவார். ஆனா மணிக்கணக்கா பின்னாடி நின்னு பார்ப்பார். அந்தக் கேலியில கொஞ்சம் பொறாமை இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"அவருக்கு முதல் கண்காட்சி வந்துச்சு. வாழ்நாள்லயே அது ஒண்ணுதான். பத்துப் படம் கேட்டாங்க, ஒன்பதுதான் சரியா வந்துச்சு. நாள் நெருங்குது, மனுஷன் தூங்கல, சாப்பிடல. ஒரு நாள் இதை எடுத்துட்டுப் போயிட்டார். குட்டி கீழ் மூலையில தன் பேரோட முதல் எழுத்தைப் போட்டிருந்தா. அதுமேல கறுப்பைப் பூசிட்டார். பூசின இடம் கண்ணுல படக் கூடாதுன்னு படத்தையே தலைகீழாக்கி, எதிர் மூலையில தன் கையெழுத்தைப் போட்டுட்டார்."

பெரியவளின் கை தானாகக் கழுத்துக் கண்ணாடியைத் தேடியது. காலையிலிருந்து அவள் மல்லுக்கட்டியது ஒரு எழுத்தோடு.

"சித்தி சும்மாவா இருந்தாங்க?"

"பேப்பர்ல எழுதினாங்க, அந்தப் படம்தான் பிரமாதம்னு. அதைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட வந்தா. அவரும் அங்கேயே நிக்கிறார். 'அக்கா, நீ சொல்லு, இது யாரோடது?'ன்னு கேட்டா." அம்மா நிறுத்தினாள். "பால் பொங்குதுன்னு சொல்லி நான் உள்ள போயிட்டேன்."

"சரி..."

"அடுப்பே பத்த வைக்கலடி."

குடோனுக்கு வெளியே மெஷின் ஒரு தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு அம்மாவின் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அந்த ஸ்டூலில் சுருண்டு உட்கார்ந்திருந்த உருவத்தைப் பார்த்து அடங்கியது.

"மறுநாள் காலையில பையை எடுத்துட்டுக் கிளம்பிட்டா. உங்க அப்பா அந்தப் படத்தை விக்கல. விலை பேச வந்தவங்களையும் திருப்பி அனுப்பிட்டார். சுருட்டிப் பரண்ல போட்டவர், சாகற வரைக்கும் அதைப் பிரிக்கல. இப்போ தம்பி படமெல்லாம் இறக்கினப்போ, எது எதுன்னு நான் கேக்கல. கேட்டா, சொல்ல வேண்டி வருமே."

அதற்குள் முதலாளியே தேடிக்கொண்டு வந்துவிட்டார்.

"என்னம்மா, இரண்டு மணிக்கு மெஷின் ஏத்தணும். தாளுக்கு ஓகே போட்டாச்சா?"

"ஏழாவது படம் தலைகீழா இருக்கு சார்."

"அவ்வளவுதானே? திருப்பிடு."

"அது மட்டும் இல்ல சார்..." அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்தாள். "இன்னைக்கு ஓட்ட வேண்டாம். நான் தம்பியைக் கூப்பிட்டுப் பேசணும்."

இருபது வருஷத்தில் அவள் ஒரு ஓட்டத்தையும் காரணம் சொல்லாமல் நிறுத்தியதில்லை. முதலாளி அவளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். தலையைச் சொறிந்துகொண்டு போனார்.

சின்னவன் அரை மணியில் வந்து இறங்கினான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட், ஊமையைக்கூடப் பேச வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுவான். மாடியில் அவன் குடித்தனம், கீழே அம்மாவும் அக்காவும். அம்மாவை அச்சகத்தில் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி மாறியது.

"நீ எங்க இங்க?"

"ஏழாவது அட்டை" என்றாள் பெரியவள். "அம்மா பார்த்துட்டாங்க. அது அப்பா வரைஞ்சது இல்லையாம்."

சின்னவன் கதவைச் சாத்தினான்.

"அம்மா, இதையெல்லாம் இப்ப யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை திறப்பு. அழைப்பிதழ் போயாச்சு. பன்னிரண்டும் அப்பா கையால வரைஞ்சதுன்னு நான் எழுதிக் கொடுத்திருக்கேன். என் கையெழுத்து. இப்போ போய், 'ஒண்ணு திருட்டு'ன்னு சொன்னா மத்த பதினொண்ணை எவன் நம்புவான்?"

"திருட்டுன்னு நான் சொல்லலியே" என்றாள் அம்மா.

"வேற என்னம்மா சொல்றே? ஊரு அப்படித்தான் சொல்லும். கொட்டிக் கவிழ்த்தவன்னு சொன்ன ஊரு இது. இப்பதான் வாயை மூடியிருக்கு. திரும்பவும் திறந்து விடறியா?" அவன் குரல் உடைந்தது. "எனக்கு ஒரு தடவை அவரைப் பெருமையாப் பார்க்கணும். ஒரே ஒரு தடவை. அது தப்பா?"

பெரியவளுக்கு அவன் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து கிழிந்த சட்டையோடு வந்து, யாரோடு சண்டை என்று சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் பையன் அவளுக்கு ஞாபகம் இருந்தான்.

"தப்பு இல்லடா. ஆனா பதினொண்ணு அவரோடதுதானே? அது போதாதா?"

"பழைய பேப்பர்ல அந்த ஒண்ணைப் பார்த்துட்டுத்தான் அவங்க வந்தாங்க. மூடியில இருக்கிறது எதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்போ வாயை மூடிட்டு ஓட்டு. இல்ல, திருப்பி வச்சு ஓட்டு. அது மட்டும்தான் தப்பு. மத்தது நம்ம வீட்டு விஷயம். வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும்."

"இருபத்திரண்டு வருஷம் வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு" என்றாள் அம்மா. "வச்சிருந்தவளுக்குத்தான் தெரியும் அதோட கனம்."

சின்னவனின் போன் அடித்தது, யாரோ வாடிக்கையாளர். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு வெளியே போனவன், திரும்பி வரவில்லை. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஏழாவதை எடுக்க வேண்டி வரலாம் என்று அவள் சொன்னதும், மூன்று மணிக்கு முதலாளி முடிவாகச் சொன்னார். "நாளைக்குக் காலையில எட்டு மணி. பதினொண்ணா, பன்னிரண்டா, எதுவா இருந்தாலும் சொல்லிடு. அதுக்கு மேல ஒரு மணி தாமதமானாலும் வெட்டி, ஒட்டி, பெட்டியில போட்டு வெள்ளிக்கிழமைக்குக் கொடுக்க முடியாது. எனக்கும் பேரு இருக்கு, பார்த்துக்க."

கலைக்கூடத்தின் பொறுப்பாளர் அம்மாளுக்கு அவள் இரண்டு முறை போன் செய்தாள். கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மூன்றாவது முறை, "ஏழாவது படத்தைப் பத்தி. அவசரம். வரைஞ்சவர் விஷயமா" என்று சொல்லி வைத்தாள். சொல்லி முடித்து போனை வைத்தாள். இனி தம்பி என்ன சொன்னாலும், சொன்ன சொல்லைத் திரும்ப அள்ள முடியாது.

அம்மாவும் மகளும் ஐந்து மணிக்கு வீடு வந்தார்கள். மாடியில் பூட்டு தொங்கியது.

கால் கழுவிக்கொண்டு வந்த அம்மா, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். மெஷினைத் தொடவில்லை.

"அந்த அட்டை உன்கிட்ட இருக்கா?"

பெரியவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாதிரி அட்டைதானே, பின்பக்கம் வெறும் வெள்ளை. அம்மா அதைக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஸ்கேலால் ஒரு கோடு போட்டாள். வலது பாதியில் விலாசம் எழுத ஆரம்பித்தாள். கதவு எண், தெரு, ஊர், பின்கோடு. எதையும் பார்த்து எழுதவில்லை. எங்கேயும் தயங்கவில்லை.

"அம்மா... உனக்குச் சித்தியோட விலாசம் தெரியுமா?"

"போய் ஆறாவது மாசம் நான் வேலை செஞ்ச தையல் கம்பெனிக்கு ஒரு சீட்டு வந்துச்சு. விலாசம் மட்டும். வேற ஒரு எழுத்து இல்ல. உங்க அப்பா கண்ணுல பட்டுடுமோன்னு மனப்பாடம் பண்ணிட்டுக் கிழிச்சுப் போட்டேன்."

"அப்புறம் நீ எழுதவே இல்லையா?"

"என்னன்னு எழுதறது? பால் பொங்கிடுச்சுன்னா?"

இடது பாதியில் அவள் எழுதியது ஒரே வரி. பெரியவள் எட்டிப் பார்க்காமல் இருக்க முயன்று, பார்த்தாள். *குட்டி, இது உன்னுதுன்னு இன்னைக்குச் சொல்லிட்டேன். லேட்டுதான்.*

"இப்பவும் அங்கதான் இருக்காங்களா?"

"இருக்காளான்னே தெரியாதே" என்றாள் அம்மா. "இடுப்பு வேற சரியில்லாதவ. என்னைவிட அஞ்சு வயசு சின்னவ, அவ்வளவுதான். இருந்தா போய்ச் சேரும். இல்லேன்னா..." முடிக்காமல் ஒரு தபால்தலையை ஒட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

தபால் பெட்டி தெருமுனையில், மருந்துக்கடைக்குப் பக்கத்தில். ஐந்து நிமிஷ நடை. அம்மா கையில் அட்டையைப் படம் வெளியே தெரிய மார்போடு பிடித்துக்கொண்டு நடந்தாள். சரியான பக்கம் மேலே இருக்கும்படி. எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, கல்யாணப் பத்திரிகையா?" என்று கேட்டாள். "இல்ல, என் தங்கச்சி வரைஞ்சது" என்றாள் அம்மா. அந்தத் தெருவில் அவளுக்கு ஒரு தங்கை உண்டென்பதே அன்றுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கே" என்று பொதுவாகச் சொல்லி நடந்தாள்.

அட்டை பெட்டிக்குள் விழும் சத்தம் கேட்டது. அதே நேரம் பெரியவளின் போன் அடித்தது.

பொறுப்பாளர் அம்மாள். "ஏழாவது படம்னு சொன்னாங்க. என்ன விஷயம்?"

பெரியவள் இரண்டடி தள்ளிப் போனாள். சுற்றி வளைத்தால் தைரியம் போய்விடும் என்று ஒரே மூச்சில் சொன்னாள். "மேடம், அதை எங்க அப்பா வரையல. எங்க சித்தி வரைஞ்சது. எங்க அம்மாவே பார்த்தவங்க. நீங்க அதைப் பெட்டியில போடறதா இருந்தா, அவங்க பேரைப் போட்டுத்தான் போடணும். இல்லேன்னா அச்சுக்கு நான் ஓகே கொடுக்க மாட்டேன்."

மறுமுனையில் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"நீங்களும் அதையேதான் சொல்றீங்களா?"

"நீங்களும்னா?"

"போன மாசம் எங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சும்மா. கண்காட்சி விளம்பரத்துல அந்தப் படத்தைப் பார்த்துட்டு ஒரு அம்மா எழுதியிருந்தாங்க. கையாலேயே எழுதின லெட்டர். இது நான் வரைஞ்சது, எனக்கு எதுவும் வேண்டாம், அந்தப் பேரை மட்டும் எடுத்துடுங்கன்னு. நான் உங்க தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அப்படி ஒரு சொந்தமே எங்களுக்குக் கிடையாதுன்னு சொன்னார். பன்னிரண்டும் அப்பாவோடதுன்னு எழுதிக் கொடுத்தது அன்னைக்குத்தான்."

தெரு அவளைச் சுற்றி ஒரு வட்டம் சுற்றி நின்றது. குடோனில் அவன் எல்லாம் கேட்டான். திறப்பு விழா, கையெழுத்து, ஊர் வாய். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அப்பா இல்லையென்றால் வேறு யார் வரைந்தது என்று அவன் கேட்கவே இல்லை. பெரியவள் விடுதியில் இருந்த அந்த இரண்டு வருஷமும் அவன் வீட்டில்தானே இருந்தான்? பதினாறு வயசுப் பையன். சித்தி சுவரில் துணி மாட்ட, ஆணி எடுத்துக் கொடுத்ததே அவனாகக்கூட இருக்கும்.

"மேடம், அந்த லெட்டர்ல விலாசம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. நானே பேசித் தீர்த்துக்கிறேன்னு உங்க தம்பி லெட்டரை வாங்கிட்டுப் போயிட்டார். நாளைக்கு நீங்க எல்லாரும் ஒரு தடவை நேர்ல வந்துடுங்க. காலையிலேயே."

பேச்சு முடிந்தது. அம்மா தபால் பெட்டியின் மேல் கை ஊன்றி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி? முகம் ஏன் இப்படி இருக்கு?"

மறைக்கலாம். ராத்திரி தம்பியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். ஒரு நிமிஷம் நாக்கு அந்தப் பக்கம்தான் போனது. வேண்டாம் என்று இழுத்துப் பிடித்தாள்.

"அம்மா, தம்பிக்கு முதல்லேயே தெரியும். போன மாசம் சித்தி கலைக்கூடத்துக்கு லெட்டர் போட்டிருக்காங்க. இவன் அப்படி ஒரு ஆளே இல்லைன்னு சொல்லியிருக்கான்."

அம்மா இடிந்து போவாள், அழுவாள், மகனைத் திட்டுவாள் என்று அவள் தயாராகவே இருந்தாள். அம்மா எதுவும் செய்யவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"லெட்டரா? அவ கையால எழுதினதா?"

"ஆமாம்மா."

"போன மாசமா?"

"ஆமா."

"போன மாசம்..." அம்மாவின் கண் நிறைந்து, கன்னத்தில் இறங்கியது. அவள் அதைத் துடைக்கவில்லை. "அப்போ இருக்கா. குட்டி இருக்கா."

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அம்மா சட்டென்று மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எழுபது வயது தெரியவில்லை.

"விலாசம் அதேதானான்னு கேட்டியா? நான் பழசுக்கு இல்ல எழுதிப் போட்டுட்டேன்? வீடு மாறியிருந்தா?"

"லெட்டர் தம்பிகிட்ட இருக்காம்மா."

"அவன் கிழிச்சுப் போட்டிருந்தா?"

அம்மாவுக்கு அதைத் தவிர வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. பெரியவளின் கையில் போன் மறுபடி அடித்தது. திரையில் 'தம்பி'.

கலைக்கூடத்திலிருந்து அவனுக்கும் செய்தி போயிருக்க வேண்டும். போன் ஒரு முறை அடித்தது, இரண்டு முறை, மூன்று. அவன் என்ன சொல்லப் போகிறான், கெஞ்சுவானா, கத்துவானா, எதுவும் அவளுக்குத் தெரியாது. அம்மாவின் பிடி இறுகிக்கொண்டே வந்தது.

அவள் போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவனைப் பேச விடவில்லை.

"சித்தியோட லெட்டர் எங்கடா?"